கால்வாசிக் கதவு

தணிகாசலத்துக்கு வசுமதியின் இதயத்தில் வேலை. இடது பக்கம், கீழ்த்தளம். பதினோரு வருஷமாக அங்கே கதவாக இருக்கிறான்.

தனி ஆளாகக் கதவாக இருக்க முடியாது. நான்கு பேர் வட்டமாகத் தோளோடு தோள் சேர்ந்து நின்றால்தான் ஒரு கதவு. எட்டியப்பன், காதர், ரூபன், இவன். ஒவ்வொரு துடிப்பும் முடிகிற நேரத்தில் நால்வரும் முட்டியை மடக்கி வழிவிட வேண்டும். உள்ளே இருக்கும் பொட்டாசியம் கூட்டம் அந்த வழியாக வெளியே போகும். சினிமா விட்டதும் வாசலைத் திறந்துவிடுவது மாதிரிதான். கூட்டம் வெளியேறினால்தான் கொட்டகை ஓயும். ஓய்ந்தால்தான் அடுத்த காட்சி.

தணிகாசலத்தின் வலது முட்டி சரியாக மடங்காது. பாவம், அது அவன் குற்றமில்லை. எல்லோரையும் போல அவனும் நீளமான ஒரு சங்கிலியாகப் பிறந்தவன். ஆயிரத்து நூற்று ஐம்பத்தொன்பது கண்ணிகள். அதை மடித்து மடித்துத்தான் ஆளாக்குவார்கள். அவனுடைய ஐந்நூற்று அறுபத்தொன்றாவது இடத்தில் வேறொரு கண்ணி வந்து உட்கார்ந்துவிட்டது. ஆயிரத்துச் சொச்சத்தில் ஒன்றுதானே என்று மடித்தவர்கள் விட்டுவிட்டார்கள். முட்டி விடவில்லை.

நால்வரில் ஒருவன் தாமதித்தால் கதவே தாமதம். அந்தத் தளத்தில் கதவுகள் ஆயிரக்கணக்கில் உண்டு. அநேகமாக எல்லாவற்றிலும் தணிகாசலத்தின் சொந்தக்காரர் ஒருவர் நிற்கிறார். எல்லோருக்கும் அதே முட்டி. மற்றவர்கள் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சாப்பிடும்போது மட்டும் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். பதினோரு வருஷம் தோள் உரச நின்றும் அவனுக்கு அங்கே பேச ஆள் கிடையாது.

ஒரு நாள் காலை ஐந்து நாற்பதுக்கு வசுமதியின் அலாரம் அலறியது. தலையில் இரண்டு பித்தளைக் கிண்ணம் வைத்த பழைய கடிகாரம். சத்தத்தில் மேலிருந்து உத்தரவு பறந்து வந்தது. கொட்டகை காலியாகும் முன்பே அடுத்த காட்சிக்கு ஆளை விட்டுவிட்டார்கள். போகிறவனும் வருகிறவனும் முட்டிக்கொண்டு, கூட்டம் தன்னைத்தானே சுற்றத் தொடங்கியது. ஐந்து விநாடி அந்த இதயம் துடிக்கவில்லை. சும்மா சுற்றியது. பிறகு என்ன நினைத்ததோ, தானாக நேரானது.

"இன்னிக்குத் தப்பிச்சிக்கிச்சு," என்றான் எட்டியப்பன். "நாளைக்கு இன்னா பண்றது? அலாரம் வெக்காதன்னு யார்னா போய்ச் சொல்லணும்."

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"நான் போறேன்," என்றான் தணிகாசலம்.

"நீ பூட்டேன்னா நாங்க மூணு பேரு இன்னா கதவு?"

"ரெண்டு துடிப்புக்கு நடுவுல போயிட்டு வந்துடறேன்."

அடுத்த துடிப்புக்கு முக்கால் விநாடி இருந்தது. தாராளமான நேரம். அவன் கிளம்பினான்.

வெளியே போக அனுமதி வேண்டும். அனுமதிப் பிரிவு தமனியின் கோடியில் இருந்தது. நடக்க நடக்கத் தமனி நீண்டது. கடைசியில் ஒரு ஜன்னல் இருந்தது, அதன் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு பெண். அவள் ஒரு படிவத்தை நீட்டினாள். முதல் கேள்வி: 'விண்ணப்பதாரர் இருக்கிறாரா? சான்று இணைக்கவும்.'

"சான்று இல்லீங்களே."

"அப்போ இல்லைன்னு எழுதுங்க."

"இங்கதானே மேடம் நிக்கறேன்."

"நிக்கறதுக்கு வேற ஃபாரம். நீங்க கதவா?"

"கால்வாசி."

அவள் தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டினாள். "கால்வாசிக் கதவை அனுப்ப ரூல் இல்லை. நிறுத்தவும் ரூல் இல்லை. முட்டியைக் காட்டுங்க."

காட்டினான். முட்டியிலேயே முத்திரை குத்தி, மை காயும்வரை ஊதினாள். அந்த முட்டியை இதுவரை யாரும் தொட்டதில்லை. தணிகாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"அடுத்த ஆள்," என்றாள். அவனுக்குப் பின்னால் யாருமில்லை.

பெரம்பூர் பஸ்ஸில் ஏறி, மூன்றாவது மாடியில் வசுமதியின் வீட்டு வாசலுக்கு வந்தபோது இன்னும் அரை விநாடி மிச்சமிருந்தது. அழைப்பு மணியை அழுத்தக் கையைத் தூக்கியவன் அப்படியே நின்றான். அலாரம் செய்வதைத்தானே இதுவும் செய்யும். தட்டினாலும் ஆபத்து, கூப்பிட்டாலும் ஆபத்து. எந்த உயிரைக் காப்பாற்ற வந்தானோ அதன் வாசலில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். நல்ல பிழைப்பு.

கதவு தானாகத் திறந்தது. வசுமதிக்கு ஐம்பத்தொரு வயது. பள்ளி ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். இடது புருவத்தின் மேல் நீலமாக வீங்கியிருந்தது.

"யாராவது வந்திருக்காங்களான்னு பார்க்கத் திறந்தேன்," என்றாள். "தினம் நாலஞ்சு தடவை பார்ப்பேன். நீங்க யாரு?"

"உங்க நெஞ்சுல வேலை பார்க்கறேம்மா."

"எந்தப் பக்கம்?"

"இடது. கீழ."

"உள்ள வாங்க."

அந்த முக்கால் விநாடி அவளுக்கும் நீளமாகத்தான் இருந்தது. தனியாக இருப்பவர்களுக்கு அது பழக்கம். நாற்காலியில் இருந்த துணிகளை எடுத்துவிட்டு அவனை உட்காரச் சொன்னாள். ஒரு தட்டில் இரண்டு வாழைப்பழம் வைத்தாள்.

"காலைல எப்படி விழுந்தீங்க?"

"கட்டில்லேர்ந்து வழுக்கி விழுந்தேன்."

"வழுக்கலை. அலாரம் அடிச்சதுல எங்க கூட்டம் சுத்திடுச்சு. என் முட்டியாலதான். இனிமே அலாரம் வைக்காதீங்கம்மா."

வசுமதி சுவரைப் பார்த்தாள். அங்கே மீசை அரும்பிய ஒரு பையனின் படம் மாட்டியிருந்தது. "என் தம்பி சுதாகர். இட்லி சாப்பிட்டுட்டு இருந்தான். போன் அடிச்சுது. எடுக்கறேன்னு எழுந்தான். அவ்வளவுதான்."

"தெரியும்மா. எங்க அண்ணன் அவர் நெஞ்சுலதான் வேலைல இருந்தார்."

"திரும்பி வந்தாரா?"

"இல்லை."

கடிகாரத்தில் ஒரு 'டிக்' பாதி வந்து நின்றுகொண்டிருந்தது.

"அலாரத்தை நிறுத்திடுவேன்," என்றாள் அவள். "ஆனா ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. அம்மா இருந்தவரைக்கும் வசுன்னு கூப்பிட்டு எழுப்புவாங்க. அவங்க போனப்புறம் இந்த வீட்ல என்னைக் கூப்பிடறது அது ஒண்ணுதான். அதுவும் இல்லைன்னா எதுக்கு எழுந்துக்கணும்?"

தணிகாசலம் சிரிக்கவில்லை.

"நான் எழுப்பறேன்," என்றான்.

"எப்படி?"

"தெரியலை. ஆனா எழுப்பறேன்."

அவள் கடிகாரத்தை எடுத்துப் பித்தளைக் கிண்ணங்களைக் கழற்றி அலமாரியில் வைத்தாள். பிறகு ஒரு பழத்தை அவன் கையில் திணித்தாள்.

"இன்னொண்ணை நீங்க சாப்பிடுங்கம்மா," என்றான். "பழம் சாப்பிட்ட அன்னிக்குக் கதவு கொஞ்சம் நல்லாத் திறக்குது."

அவன் தன் இடத்தில் வந்து நின்றதும் துடிப்பு வந்தது. பழத்தை நாலாகப் பிட்டுக் கொடுத்தான். எட்டியப்பன் அன்று தள்ளி உட்காரவில்லை. ரொம்ப நெருங்கியும் உட்காரவில்லை.

மறுநாள் காலை ஐந்து நாற்பது. வசுமதி தூங்கிக்கொண்டிருந்தாள். அலாரம் இல்லை. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

தணிகாசலத்துக்குத் தெரிந்தது ஒரே ஒரு காரியம். இத்தனை காலம் வெட்கப்பட்டுக்கொண்டே செய்துவந்த காரியம். இன்றைக்கு அதை வேண்டுமென்றே செய்ய வேண்டும். ஒரு இம்மி கூடினால் சுதாகரின் கதைதான். ஒரு இம்மி குறைந்தால் அவள் எழுந்திருக்க மாட்டாள்.

துடிப்பு வந்தது. மற்ற மூவரும் முட்டியை மடக்கினார்கள். அவன் வழக்கத்தைவிட ஒரு இம்மி தாமதித்தான்.

மேலே இதயம் ஒரே ஒரு அடி தப்பி வைத்தது. மாடிப்படியில் இல்லாத படிக்குக் கால் வைத்தது மாதிரி. வசுமதி கண் விழித்தாள். கை தானாக நெஞ்சுக்குப் போனது.

"எழுந்துட்டேன்," என்றாள்.

"யார்ட்ட பேசுது அது?" என்றான் எட்டியப்பன்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தணிகாசலத்துக்கு அவள் உள்ளங்கையின் சூடு தெரிந்தது. அடுத்த மூன்று துடிப்புக்கும் சரியாகத் திறக்கப் பார்த்தான். மூன்று முறையும் தாமதமாகத்தான் திறந்தது. அவள் கையை எடுக்கவில்லை.