யானை, கழுதை, சோலைமுத்துவின் முறை

1

மாலை நேர எழுத்து வகுப்பு வாத்தியார் தினமும் ஒரு பக்கம் நாட்டு நடப்பை எழுதச் சொன்னார். இந்தக் கதை அப்படித்தான் வந்தது. எந்த நாட்டு நடப்பு என்று அவர் சொல்லவில்லை. குவைத்தில், அப்பாசியாவில், நாங்கள் நான்கு பேர் தங்கியிருந்த அறையில் அமெரிக்க நடப்பு ஒன்றுதான் நடந்தது.

முதல் தொடக்கம்: '2007 ஜனவரியில், ஈராக்கிற்குக் கூடுதல் படை என்று வாஷிங்டன் அறிவித்தபோது உலகமே...' (உலகத்தை எனக்குத் தெரியாது. அடித்துவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: எங்கள் அறையில், அன்று யார் சமையல் முறையோ அவர் கையில்தான் டிவி ரிமோட்.

(இது இருக்கட்டும்.)

2

ஏசி மெக்கானிக் உடையப்பன் யானைக் கட்சி. ஜவுளிக்கடை காதர் மைதீன் பாய் கழுதைக் கட்சி. அமெரிக்காவின் இரண்டு பெரிய கட்சிகளின் சின்னங்கள் அவை. சின்னம் தெரிந்துவிட்டால் நம் ஆட்களுக்குக் கொள்கை தானாக வந்துவிடும். இருவருக்கும் அங்கே ஓட்டு இல்லை. சொந்த ஊரில் போட்டும் வெகுகாலமாகிறது. அதனாலோ என்னவோ, அப்படியொரு உறுதி.

உடையப்பன் சாம்பார் வைத்தால் டிவியில் படை கூடும். பாய் மீன்குழம்பு வைத்தால் படை வாபஸ்.

(உடையப்பனை முட்டாளாக்கிவிட்டேனோ என்று சந்தேகம். பாயையும் ஆக்கிச் சரிக்கட்டப் பார்க்கிறேன்.)

3

ட்ரெய்லர் ஓட்டும் சோலைமுத்துவுக்குக் கட்சி கிடையாது. எல்லை தாண்டி ஈராக்கில் இருக்கும் அமெரிக்க ராணுவ முகாமுக்குத் தண்ணீர் பாட்டில் லோடு கொண்டுபோகச் சொல்லியிருந்தது கம்பெனி. மறுத்தால் விசா கேன்சல்.

"அண்ணே, போகவா, வேணாமா?"

"தைரியமாப் போ. இன்னும் இருபதாயிரம் பேரு வர்றான். ரோடே அவன் கண்ட்ரோல்தான்," என்றார் உடையப்பன்.

"போவாத முத்து. அவனுவளே எப்பக் கெளம்பலாம்னு நாள் பாக்குறானுவ."

"கெளம்பிட்டா அந்த நாடு என்னாகும் பாய்?"

"இருந்து மட்டும் என்னத்தக் கிழிச்சான்?"

"நான் ட்ரெய்லரப் பத்திக் கேட்டேன்," என்றார் சோலைமுத்து.

"இரு முத்து, இந்தப் பாயிண்ட முடிச்சிக்கிறேன்," என்றார் உடையப்பன்.

அந்தப் பாயிண்ட் முடியவில்லை. மறுநாள் காலை சோலைமுத்து பையைத் தூக்கினார். "வெள்ளிக்கிழமை என் முறை. வியாழன் வந்துருவேன். கோழி வாங்கி வைங்க."

4

வியாழன் அவர் வரவில்லை. போனும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்த பாய் செருப்பைக் கழற்றாமலே நின்றார். எல்லைக்கு அப்பால் ட்ரெய்லர்களை அடித்துவிட்டார்களாம், பள்ளிவாசலில் பேச்சு. ரிமோட் அரிசி டின் மேல் இருந்தது.

"டிவியப் போடுங்க பாய்," என்றார் உடையப்பன்.

"இன்னைக்கி முத்து முறையில்ல?"

"நீங்க சமைச்சிட்டு எடுத்துக்கங்க."

"நீ சமையேன்."

எங்கள் அறையில் ஒருவர் முறை இன்னொருவருக்குப் போவது ஒரே காரணத்துக்காகத்தான்: அந்த ஆள் இனி அறைக்கு வரமாட்டார். யானையும் கழுதையும் ஒரு தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது அன்றுதான். யாரும் சமைக்கவில்லை.

5

முடிவு அ: கதவு தட்டப்படுகிறது. சோலைமுத்து. "இன்னும் கோழியக் கழுவலையா?" (எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை.)

முடிவு ஆ: டிவியில், எரிகிற ட்ரெய்லரின் நம்பர் பிளேட்டில்...

(மாட்டேன்.)

வாசகரே, செய்தி உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டுமென்றால் தடையில்லை. கோழி சிங்கில் இருக்கிறது, மசாலா மேல்தட்டில். அவர் முறையை நீங்கள் எடுத்துச் சமைத்துவிட்டு, ரிமோட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மூவருக்கும் பசியில்லை.