ஆறே டியூப், வெள்ளை கிடையாது

பெயிண்டர்கள் எத்தனையோ பேர் இருந்தாலும், சுவர் கண்றாவியாகிவிட்டால் எல்லாரும் கூப்பிடுவது 'ஒரே பூச்சை'த்தான். அது அவருடைய பட்டப்பெயர். எண்ணெய்க் கறை, ஈரக் கறை, குடியிருந்தவர்களின் பிள்ளைகள் கிறுக்கிய ரயில், எதுவானாலும் ஒரே பூச்சில் இருந்த இடம் தெரியாமல் ஆக்கிவிடுவார். "மூடாத பெயிண்ட்டெல்லாம் ஒரு பெயிண்ட்டா?" என்று இருபத்தெட்டு வருடமாகச் சொல்லிவந்தவர், கடைசியில் கட்டின மனைவி வரைந்த படத்தையும் மூடிவிட்டு நின்றார்.

அவர் மனைவிக்குக் கட்டட பிளான் வரையும் அலுவலகத்தில் வேலை. வரைவது அவள், கையெழுத்துப் போடுவது இன்னொருவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தனக்கென்று கருப்பு மையில் தெருக்களை வரைவாள். வரைந்ததை அலமாரிக்குள் வைத்துவிடுவாள். போன மாதம் குழந்தைகளுக்குப் பல் பார்க்கும் டாக்டரம்மா ஒருத்தி தன் கிளினிக் பிளானை வாங்க வந்தபோது, கூடவே தவறி வந்துவிட்ட ஒரு படத்தைப் பார்த்துவிட்டாள். "காத்திருக்கிற ரூமுக்கு இந்த மாதிரி ஒண்ணு கலரோட வேணும். பிடிச்சிருந்தா இன்னும் மூணு" என்றாள். நாற்பத்தாறு வயதில் ஒருவர் கேட்டு வாங்கும் முதல் படம். அன்றைக்கு அவள் கைப்பையை மூன்று தடவை தொலைத்து மூன்று தடவை கண்டுபிடித்தாள்.

வண்ணம் மட்டும் அவளுக்குப் பழக்கமில்லை. "நான் எதுக்கு இருக்கேன்?" என்று மார்தட்டிக்கொண்டு கிளம்பிய ஒரே பூச்சு, பன்னிரண்டு டியூப் அக்ரிலிக் பெட்டி ஒன்றை வாங்கிவந்து, வெள்ளையைத் தாராளமாகக் கலந்து, நாள் முழுக்கக் குனிந்த தலை நிமிராமல் அடித்தார். ஜன்னல் கம்பி போச்சு, தந்திக் கம்பி போச்சு, மதில்மேல் இருந்த பூனையும் போச்சு. முடித்துவிட்டுப் பெருமையாகக் கேட்டார்: "பாரு, ஒரு கோடாவது தெரியுதா?"

"தெரியலைங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

இரண்டு நாள் பேச்சு "சாவி எங்க", "தண்ணி நின்னுடுச்சு" என்பதோடு சரி. மூன்றாம் நாள் அதே தெருவை மறுபடி வரைந்து அவர் முன்னால் வைத்தாள். "இது கடைசி. என் கோடு ஒண்ணு மறைஞ்சாலும் டாக்டருக்குப் போன் பண்ணி என்னால முடியாதுன்னு சொல்லிடுவேன். அப்புறம் நான் பேனாவே தொடமாட்டேன்."

சொன்னால் செய்துவிடுகிற ஜாதி அவள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே கடைக்குப் போனார். மனைவியும் கூடவே போனாள், காவலுக்கு. கடைக்காரப் பெண் ஒரு டியூப்பைத் திருப்பிக் காட்டினாள். "அண்ணே, இந்தக் குட்டிக் கட்டத்தைப் பாருங்க. கருப்பா அடைச்சிருந்தா அது மூடுற கலர். வெறும் கட்டமா இருந்தா அடியில இருக்கிறது அப்படியே தெரியும்."

"தெரிஞ்சா அது டூப்ளிகேட் சரக்கும்மா."

"கேட்டுக்கோங்க" என்றாள் மனைவி கடைக்காரப் பெண்ணிடம். "இவரு கண்ணாடி போட்டாக்கூட அதுக்கு ஒரு பூச்சு அடிச்சுட்டுத்தான் மாட்டுவாரு."

கடைக்காரப் பெண் அட்டையில் தடிமனாக ஒரு கருப்புக் கோடு இழுத்து, காய்ந்ததும் அதன்மேல் மாதிரிக்கு வைத்திருந்த மஞ்சள்களில் ஒவ்வொரு தீற்று போட்டாள். ஒரு மஞ்சளில் கோடு காணாமல் போனது. அவர் முகம் மலர்ந்தது. இன்னொன்றில் கோடு அப்படியே நின்றது. மனைவியின் முகம் மலர்ந்தது.

"ஆறுதான். அதுக்கு மேல இருந்தா உங்க கை சும்மா இருக்காது" என்று மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள். ஒரு மணி நேரம் அவர் தீற்றினார், கலந்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சும்மா சொல்லக் கூடாது, மனிதருக்குக் கண் உண்டு. எலுமிச்சை மஞ்சள், மெஜந்தா, பச்சை சாயல் அடிக்கும் நீலம் என்று மூன்றை எடுத்தாலே பாதி உலகம் வந்துவிடும் என்று கண்டுகொண்டார். பழைய சுவர்களுக்குக் காவி, நிழலுக்கு ஊதா, இலைக்கு ஆழ்ந்த பச்சை. ஆறும் ஆயிற்று.

"ஒரே ஒரு வெள்ளை..." என்று இழுத்தார்.

"தாள் வெள்ளையாத்தானே இருக்கு? நடங்க."

வீட்டில் எட்டு நாள் வேலை நடந்தது. தண்ணீராகக் கரைத்து ஒரு பூச்சு, காய்ந்ததும் அதன்மேல் இன்னொரு பூச்சு. மஞ்சள்மேல் நீலம் போனால் பச்சை, அதன்மேல் காவி போனால் வெயில் பட்ட பாசி. ஏழு பூச்சு ஆகியும் கோடெல்லாம் நிற்பதைப் பார்த்து அவருக்கே கூச்சமாக இருந்தது. "உங்க பட்டப்பெயரை மாத்தணுங்க, ஏழு பூச்சு" என்று அவள் போகிறபோதும் வருகிறபோதும் சீண்டினாள். எட்டாம் நாள், டாக்டரிடம் போக இரண்டு மணி நேரம் இருக்கையில், அவர் தூரிகையை அந்தரத்தில் நிறுத்தினார்.

"இந்தக் கதவு எப்படித் திறக்கும்?"

அவள் குனிந்து பார்த்தாள். கீல் இருக்கும் பக்கமே கைப்பிடி. இருபது வருடமாகக் கதவு வரைகிறவள் வரைந்த கதவு.

"முதல் படத்துலயும் இப்படித்தான் இருந்திருக்கும். நான்தான் மூடி உன் மானத்தைக் காப்பாத்தினேன்" என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"மூடுங்க. பின்னாடி வெள்ளை பெயிண்ட் பக்கெட் இருக்குல்ல, எடுங்க."

"பக்கெட் எதுக்கு? மெஜந்தாவையும் பச்சையையும் கெட்டியாக் கலந்தா கருப்பாயிடும். கதவு திறந்து கிடக்கு, உள்ளே இருட்டுன்னு ஆயிடும்." கலந்தும் விட்டார். தூரிகை நிறைய இருட்டு. பிறகு அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பலகையின் ஒவ்வொரு ரேகை, விரிசல், துருப்பிடித்த தபால் துவாரம். எட்டு நாளாக அவற்றோடேயே இருந்தவர். அவருக்கு மனசு வரவில்லை.

"ஒரு கைப்பிடிக்காக இத்தனையும் போயிடும்மா. என்னால முடியாது. நீ வேணா அடி."

தூரிகையை நீட்டினார். அவள் வாங்கினாள். வெகுநேரம் வைத்திருந்தாள். பிறகு தண்ணீர்க் குவளைக்குள் போட்டுவிட்டாள். "வாங்க போகலாம். நானே சொல்லிடறேன்."

கிளினிக்கில் டாக்டரம்மா படத்தை முழுசாகப் பிரிப்பதற்குள் அவள் கடகடவென்று ஒப்பித்தாள்: "ஒரு தப்பு இருக்கு டாக்டர், அந்தக் கதவைத் திறக்கவே முடியாது."

டாக்டரம்மா படத்தைப் பார்த்தாள். பிறகு காத்திருக்கும் அறையைப் பார்த்தாள். கன்னத்தில் கைவைத்த நாலு வாண்டுகள் அவள் அறைக் கதவையே திகிலோடு பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

"எப்படா அந்தக் கதவு திறக்கும், ஊசியோட நான் வருவேன்னு பயந்துட்டே இருக்குதுங்க, பாருங்க. திறக்கவே முடியாத கதவு ஒண்ணு எதிர்ல இருந்துட்டுப் போகட்டுமே. எங்கே, கையெழுத்தைக் காணோம்?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. டாக்டரம்மாவின் பேனாவை வாங்கி மூலையில் மெதுவாக எழுதினாள். அப்புறம் பேனாவை ஒரே பூச்சிடம் நீட்டினாள். ஆயிரம் சுவர் அடித்தும் ஒன்றிலும் பேர் போட்டறியாத மனிதர், பேனாவை வாங்காமல் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே நின்றார்.

"போடுங்க" என்றாள். "என் பேர் மேல போட்டு மூடிடாம, கொஞ்சம் தள்ளிப் போடுங்க."