டாக்டர் தூங்கிய ஊர்

அன்றைக்கு அது எட்டாவது காபி. பொலிக்சேனி எண்ணிக்கொண்டுதான் இருந்தாள். எண்ணுவதைத் தவிர அவளால் வேறென்ன செய்ய முடியும்?

அவள் புருஷன் ஸ்தாமோஸ் முப்பது வருஷம் அந்த மலைப்பக்கம் முழுவதும் ஆடு மாடுகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர். மூன்றாவது தடவையாக நாடாளுமன்றத்துக்கு நிற்கிறார். போன குளிர்காலத்தில் நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு காபி, அதுவும் அரைக் கப் என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்கள்.

சொன்னவர்களுக்கென்ன, அவர்களா ஓட்டுக் கேட்கப் போகிறார்கள்? மலை ஊர்களில் காபிக் கடைக்குள் விருந்தாளி நுழைந்தால் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் அவருக்குக் காபி சொல்லியாக வேண்டும். வேண்டாம் என்றால் மூஞ்சியில் அடித்த மாதிரி. போதாததற்கு ஊருக்கு இரண்டு கடை. ஒன்றில் நீலக் கட்சிக்காரர்கள், இன்னொன்றில் பச்சைக் கட்சிக்காரர்கள். ஒன்றில் குடித்துவிட்டு மற்றதில் குடிக்காமல் போனால் அதற்கு ஒரு பஞ்சாயத்து. ஆக நாலு ஊர், எட்டுக் காபி.

இத்தனைக்கும் நீலக் கடைக்காரர்கள் எப்படியும் அவருடைய நீலக் கட்சிக்குத்தான் போடுவார்கள். பச்சைக் கடைக்காரர்கள், இவர் அண்டா காபி குடித்தாலும் போட மாட்டார்கள். பிறகு எதற்கு இந்த அலைச்சல் என்றால், எல்லாம் சிலுவைக்குத்தான். ஒவ்வொரு கட்சிக்கும் தனி ஓட்டுச் சீட்டு; அதில் இரண்டு மூன்று பெயர் இருக்கும். பிடித்த பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிலுவைக் குறி போட வேண்டும். அதிகம் வாங்கியவர் ஏதென்ஸ் நாடாளுமன்றத்துக்குப் போவார். ஸ்தாமோஸுக்கு உண்மையான எதிரி அதே சீட்டில் இருந்த கவூராஸ்தான்.

காரை அவள்தான் ஓட்டினாள். ஐந்து வாரமாக ஓட்டுகிறாள். முதுகு விட்டுப்போயிருந்தது.

"இந்த ஊர்ல போன தடவை எத்தனை விழுந்துச்சு?" என்று கேட்டார்.

"ஏழு."

"அதுக்கு முந்தி?"

"ஒம்பது. அப்ப நீங்க போகவே இல்ல. பனி விழுந்து ரோடு அடைச்சுக் கிடந்துச்சு."

"அப்ப ஊர்ல ஆளு ஜாஸ்தி. ரெண்டு பேரு செத்துப்போயிட்டாங்கல்ல."

"செத்துப்போன அந்த ரெண்டு பேரும் உங்களுக்குத்தான் போட்டாங்களாக்கும்?"

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கை இடது நெஞ்சுக்குப் போனது. அவள் பார்த்துவிட்டாள். இந்தத் தடவையும் தோற்றால் இனிமேல் நிற்பதில்லை என்று அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். தோற்க வேண்டும், தோற்க வேண்டும் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. கட்டிய பெண்டாட்டி இப்படி நினைக்கலாமா என்று வெட்கமாகவும் இருந்தது.

கடைசி ஊர் மெலிச்சி. போய்ச் சேர்ந்தபோது அவர் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. முதலில் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தாள். பிறகு எழுப்ப மனசு வராமல், கார்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு அவளே கடைக்குள் போனாள்.

மெலிச்சியில் ஆட்கள் குறைந்துபோய் ஒரு கடைதான் மிச்சம். நீலமும் பச்சையும் ஒரே அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து முறைத்துக்கொள்வார்கள். கடைக்காரி தாசூலா அப்போதே காபிக்குத் தண்ணீர் வைத்துவிட்டாள்.

"டாக்டரு எங்கக்கா?"

"கார்ல தூங்குறாரு. காபி வைக்காத தாசூலா, அவருக்கு ஆகாது. நெஞ்சுல ரெண்டு ஸ்டென்ட் இருக்கு. இன்னைக்கு மட்டும் எட்டுக் காபி. எல்லாம் உங்கள மாதிரி நல்லவங்க ஆசையா வாங்கிக் குடுத்ததுதான்."

அவளால் நிறுத்த முடியவில்லை.

"நான் ஓட்டுக் கேக்க வரல. போடாதீங்கன்னு கேக்க வந்திருக்கேன். அவரு மேல கொஞ்சமாவது பிரியம் இருந்தா அந்தச் சிலுவைய கவூராஸுக்குப் போடுங்க. ஜெயிச்சா இவரு ஏதென்ஸுக்கும் மலைக்கும் அலைஞ்சே செத்துருவாரு. எனக்கு மனுஷன் உயிரோட வேணும், அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு அழுதாள். மூலையில் இருந்த ஸீசிஸ் கிழவர் கையிலிருந்த சீட்டுக்கட்டைக் கீழே வைத்தார்.

"அறுபது வருஷமா இந்தக் கடைல ஓட்டுக் கேட்டு வந்தவங்களப் பாக்குறேன். போடாதன்னு கேட்ட மொத ஆளு நீதான் தாயி."

தாசூலா ஒரு புட்டியில் மலைப்பச்சிலை டீ ஊற்றிக் கொடுத்து, "கவலப்படாமப் போக்கா. டாக்டர நாங்க பாத்துக்குறோம்" என்றாள். பொலிக்சேனிக்கு இந்த ஐந்து வாரத்தில் முதல் தடவையாக மனசு லேசானது.

பாதி மலை இறங்கிய பிறகு ஸ்தாமோஸ் விழித்தார். "ஐயோ, மெலிச்சி?"

"நான் போய்ப் பேசிட்டு வந்துட்டேன். டீயக் குடிங்க."

தேர்தல் முடிந்த மறுநாள் காலையில் ஊர் ஊராகச் சிலுவைக் கணக்கு போனில் வந்தது. சமையலறை மேஜையில் அவர் குறித்துக்கொண்டே இருந்தார். இரண்டிரண்டு காபி குடித்த ஊர்கள்: ஆறு, நாலு, பதினொன்று, மூன்று. மெலிச்சி மட்டும் பாக்கி இருந்தபோது கவூராஸ் இருபத்து மூன்று கூட வைத்திருந்தார். பொலிக்சேனி ரொட்டி அறுத்துக்கொண்டே, வரும் ஞாயிறு கோயிலில் பெரிய மெழுகுவர்த்தியாக ஏற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

போன் அடித்தது. மெலிச்சியில் மொத்தம் நாற்பத்து நாலு ஓட்டு. ஸ்தாமோஸுக்கு நாற்பத்தொரு சிலுவை. கவூராஸுக்கு ஒன்றுகூட இல்லை.

அவர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "பச்சைக்காரனுங்களும் நம்ம சீட்ட எடுத்துப் போட்டிருக்கானுங்க! பாத்தியா, நீ சொன்னதுதான் சரி. நான் காலே வைக்காத ஊருலதான் ஓட்டு ஜாஸ்தி!"

அடுத்த போன் அவளுக்கு. தாசூலா.

"சந்தோஷமாக்கா? பொண்டாட்டி வந்து இப்படி அழுவுற அளவுக்கு ஒரு மனுஷன் இருந்தா, அவனுக்குப் போடாம வேற எவனுக்குப் போடுறது? ஸீசிஸ் தாத்தாதான் வீடு வீடாப் போயி சொன்னாரு."

பொலிக்சேனி போனை வைத்தாள். இத்தனை வருஷத்தில் அந்த மலையில் யாரோ ஒருவர் கடைக்குள் போய்ப் பேசி ஓட்டு மாறியது என்றால், அது அவள் பேசியதுதான்.

அதற்குள் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. எதிர்க் கடைக்காரர் தட்டில் காபியோடு உள்ளே வந்து, "டாக்டர், என் காபிதான் மொதல்ல!" என்றார். ஸ்தாமோஸ் கையை நீட்டினார். அவள் குறுக்கே புகுந்து கப்பை எடுத்து மூச்சுவிடாமல் குடித்தாள். நாக்கு பொத்துப்போனது.

பக்கத்து வீட்டுக்காரர் அடுத்த கப்பை நீட்டினார். அதையும் வாங்கிக் குடித்தாள். அவருக்குப் பின்னால் இன்னும் பதினைந்து பேர் நின்றார்கள்.