நாம இல்லடி, நாங்க

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயரே 'பொட்டி'. எந்த ஊர்க் கம்பெனி நஷ்டத்தில் தள்ளாடினாலும் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடுவாள். எங்கே செலவைக் குறைக்கலாம் என்று ஸ்லைடு போட்டுக் காட்டும் கன்சல்டிங் வேலை.

இப்போது மேலாளர் தூண்டில் போட்டிருந்தார். சம்பளம் ஒன்றரை மடங்கு. ஆனால் வாரம் முழுக்க வெளியூர், சனி ஞாயிறு மட்டும் வீடு. "இன்னைக்குள்ள சொல்லிடு பொட்டி. இழுத்தடிச்சா வேற ஆளுக்குப் போயிடும்."

ஹோட்டல் கட்டிலில் சப்பணம் போட்டு உட்கார்ந்து மண்டையைக் குடைந்துகொண்டாள். ஒத்துக்கொண்டால் சொந்த வீடு வாங்கிவிடலாம். ஆனால் மகளுக்கு முதல் பல் விழுந்ததையே போட்டோவில்தான் பார்த்தாள். சரி, கணவனிடமே கேட்போம் என்று வீட்டுக்குப் போன் போட்டாள்.

மகள்தான் எடுத்தாள். "அம்மா! நேத்து நாம நீச்சல் குளத்துக்குப் போனோம்ல, அங்க என் செருப்ப விட்டுட்டோம்!"

"நாம இல்லடி, நாங்க. நான்தான் வரலையே."

"வந்தியே! நீதான துண்டு புடிச்சிட்டு நின்ன?"

சிரிப்பு வந்தது. "சரி வாயாடி, அப்பாகிட்ட குடு."

விஷயத்தைச் சொன்னதும் கணவன் கேலி செய்தான். "மறுபடியும் மொதல்லேருந்தா? நேத்து சாப்பிடறப்பவே முடிவு பண்ணோமே. நான் வேணாம்னேன். நீதான் கண்ண மூடிட்டு ஒத்துக்கறேன்னு ஒத்தக்கால்ல நின்ன."

"நேத்து நான் இங்க ஹோட்டல்ல இருந்தேங்க."

"ஆமாமா, காலைல உன்ன பஸ் ஏத்தி விட்டது என் ஆவி! வேல தலைக்கேறிடுச்சும்மா உனக்கு. இந்தா, உன் பொண்ணுகிட்ட பேசிட்டிரு, குளிச்சிட்டு வரேன்."

போனில் குழாய்த் தண்ணீர் கொட்டும் சத்தம். மகள் எதையோ கொறிக்கும் சத்தம்.

"சரிம்மா, வைக்கறேன். அம்மா வந்தாச்சு."

"யாருடி வந்தாச்சு?"

"அம்மா."

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. ஏசிக் குளிரில் காலையிலிருந்து அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அந்தக் குரலும் கட்டியிருந்தது.

"போன்ல யாருடி செல்லம்?"

"அம்மா."

"ஒத்துக்கிட்டாளான்னு கேளு."

"ஒத்துக்கிட்டியாம்மா?"

ஒன்றரை மடங்கும் சொந்த வீடும் போன இடம் தெரியவில்லை. ஒரு கையால் பெட்டியை இழுத்துத் துணிகளை அள்ளிப் போட்டாள். "இல்லடா கண்ணு. வேணாம்னு சொல்லிடறேன். இப்பவே கெளம்பி வரேன். நீ ஓடிப் போய் பாத்ரூம் கதவத் தட்டு, அப்பாவக் கூப்பிடு!"

பிள்ளை நகரவில்லை. போனைக் காதில் வைத்தபடியே திரும்பிச் சொன்னாள்: "வேணாமாம். இங்க வராங்களாம்."

அந்தப் பக்கம் கொஞ்சமும் அவசரமில்லாத காலடிகள் கூடத்தைக் கடந்து போயின.

வாசல் கதவின் மேல் தாழ்ப்பாள் விழுந்தது. அடுத்து, கீழ்த் தாழ்ப்பாள்.