கருப்பம்மா வீட்டு ஒயர்

2008இல் எங்கள் நமுனுகுல தேயிலைத் தோட்டத்தில் இன்டர்நெட் இருந்த ஒரே வீடு கிளாக்கர் பரமலிங்கத்தின் வீடு. அதுவும் பாதிதான் வேலை செய்தது. பக்கம் திறக்கத் தொடங்கும், நடுவில் அறுந்துவிடும். நான் தொழிற்சாலையில் இரவுக் காவல். கம்ப்யூட்டர் படிப்பைப் பாதியில் விட்டவன் என்பதால் என்னைக் கூப்பிட்டார்.

“மழைக்கோ தம்பி?”

“வெயில்லயும் போகுதே ஐயா.”

“அப்ப எனக்குத்தான் சனி.”

மோடத்தின் விளக்கு பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அணைந்தது. அப்படி அணைந்தபோது கிளாக்கரின் போனை எடுத்துக் காதில் வைத்தேன். யாரோ மூச்சுவிடும் சத்தம்.

கருப்பம்மா. மேல் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் இருக்கிறாள். மகள் நிரஞ்சலா ஜோர்தானுக்கு வீட்டு வேலைக்குப் போனபோது, கிளாக்கர் தன் லைனிலிருந்தே ஒயர் இழுத்து அவளுடைய ஒற்றை அறைக் காம்பராவிலும் ஒரு போன் வைத்துக் கொடுத்திருந்தார். மூன்று மாதமாக மகளின் அழைப்பு இல்லை. அது வரும்போது தான் இல்லாமல் போகக் கூடாதென்று கருப்பம்மா காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்கும் கொழுந்தெடுக்கவும் போவதில்லை. லைனுக்கு உயிர் இருக்கிறதா என்று ரிசீவரை எடுத்து எடுத்துப் பார்த்தாள். போனையும் இன்டர்நெட்டையும் ஒரே லைனில் பிரித்து வைக்கும் ஃபில்டர் அந்தப் போனுக்குப் போடவில்லை. அவள் எடுத்தபோதெல்லாம் இன்டர்நெட் விழுந்தது.

“அவவின்ரை லைனை மட்டும் வெட்டிப்போடாதை,” என்றார் கிளாக்கர்.

வெட்டத் தேவையில்லை. பதுளையில் ஒரு ஃபில்டர் வாங்கி மாட்டினால் போதும். ஆனால் என் கணிப்பு சரியா என்று அப்போதே பார்க்க வேண்டியிருந்தது எனக்கு. வெளிச்சுவரில் அவள் ஒயரைக் கழற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை. பத்து நிமிடம்தானே.

விளக்கு அணையவில்லை. கிளாக்கர் ஒரு போட்டோவை முழுதாக இறக்கிவிட்டு, “கெட்டிக்காரன்,” என்றார்.

போன் அடித்தது. நான் எடுத்தேன்.

“அம்மா?”

“நிரஞ்சலாவா? இரு, கூப்பிடுறேன்.”

“யாரு? அம்மா எங்க? கார்டு முடியப்போகுது.”

கிளாக்கர் வாசலில் நின்று மேலே பார்த்துக் கத்தினார். நான் ரிசீவரை மேசையில் வைத்துவிட்டு ஒயரை மாட்ட ஓடினேன். செம்பு நுனிகள் விரலில் வழுக்கின. மாட்டிவிட்டு வந்து ரிசீவரை எடுத்தால் டூ டூ என்ற சத்தம். அதன்மேல் கருப்பம்மா, “மகளே, மகளே” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு இறங்கி வந்தாள். ஒயரைக் கழற்றியது நான்தான் என்று சொன்னேன். கிளாக்கர் என்னைப் பார்க்கவில்லை.

“என்ன சொன்னா?” என்று கேட்டாள் அவள்.

“அம்மா எங்கன்னு கேட்டா.”

“அழுத கொரலா, நல்ல கொரலா?”

“தெரியலைங்க.”

“அதுகூடத் தெரியாமயா,” என்றாள் கருப்பம்மா, “எம் போன நீ எடுத்த?”