நிதானத்தின் மேசை

என் கணவர் இறந்த பிறகும் ஓர் இடத்தில் மட்டும் உயிரோடு இருந்தார். அங்கே அவரைச் சாகவிடாமல் பிடித்து வைத்திருந்தவள் நான். இதில் பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை. அந்த நேரத்தில் எனக்கு வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

அந்த இடம் இணையத்தில் இருக்கும் ஒரு குழு. பிளாஸ்டிக் பாகங்களை வெட்டி, தேய்த்து, ஒட்டி, வண்ணம் அடித்து, ஒரு சாண்கூட இல்லாத கார்களைச் செய்கிறவர்களின் குழு. எங்கள் மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் அவர் அதில் சேர்ந்தார். இப்போது அவளுக்கே கல்யாணம் ஆகிவிட்டது. இடையில் அப்படி எத்தனையோ குழுக்கள் முளைத்தன, வாடின. இது மட்டும் நிலைத்தது. இத்தனை வருடத்தில் அவர்கள் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை, போனில் பேசியதும் இல்லை. எழுத்தும் போட்டோவும்தான் பழக்கம். எல்லாருக்கும் பட்டப்பெயர் உண்டு.

என் கணவருக்கு அவர்கள் வைத்த பெயர் நிதானம். முதல்முறை கேட்டபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நின்றுகொண்டே சாப்பிடுகிற மனுஷன், சட்டைப் பொத்தானைப் படி இறங்கும்போது போட்டுக்கொள்கிற மனுஷன், அவர் நிதானமாம். ஆனால் அந்தச் சின்ன அறைக்குள் போய் மேசை முன்னால் உட்கார்ந்துவிட்டால் ஆளே வேறு. ஒரு கதவின் ஓரத்தைத் தேய்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமையையே எடுத்துக்கொள்வார். அந்த மேசையை நான் சக்களத்தி என்றுதான் சொல்வேன். சக்களத்தி வீட்டுக்குக் கிளம்பியாச்சா என்று கேட்டால், உன்னிடம் திட்டு வாங்கினவனுக்குப் போக ஒரு இடம் வேண்டாமா என்பார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு காலையில், நின்றுபோன லிஃப்டைப் பார்க்க ஓர் உயரமான கட்டடத்துக்குப் போனவர், பாதிப் படி ஏறி உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. ஊரில் யாரும் படி ஏறக் கூடாது என்று உழைத்த மனுஷனைப் படிதான் கொண்டுபோனது. இதை நினைத்தால் எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வரும்.

மகள் வந்தாள். சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் அவள்தான் போன் செய்தாள். நான் ஒரு மூலையில் உட்கார்ந்து, வந்தவர்களுக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அவள் கிளம்பிப் போன பிறகு, அந்த அறையைப் பூட்டிவிடலாம் என்று உள்ளே போனேன். கம்ப்யூட்டர் அணைக்காமல் கிடந்தது. குழுவின் பக்கம் திறந்திருந்தது. "நிதானம், ஆளையே காணோம். பெயிண்ட் காயுதா?" என்று சுரண்டி எழுதியிருந்தார்.

சுரண்டி என்பவர் கடைப் பலகைகள் எழுதிப் பிழைத்து, வயதாகி ஓய்ந்தவர். அடித்த வண்ணம் மனதுக்குப் பிடிக்காவிட்டால் மொத்தத்தையும் சுரண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவாராம். அதனால் அந்தப் பெயர். குழுவில் என் கணவருக்கு உயிர் சிநேகிதர் என்றால் அவர்தான். முகம் தெரியாத சிநேகிதர்.

குழுவில் ஒருவர் இறந்தால் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் உண்டு. அதையும் மேசை என்றே சொல்வார்கள். இறந்தவரின் மேசையை மூடிவிடுவார்கள். அதற்கப்புறம் அதில் யாராலும் ஓர் எழுத்துக்கூட எழுத முடியாது. முன்பு ஒருவருக்கு அப்படி மூடியபோது இவர் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. பார்த்தே இராத ஆளுக்கு இவ்வளவு துக்கமா என்று நான் கடிந்துகொண்டேன். இப்போது இவருடைய மேசையை மூட ஒரே ஒரு வரி போதும். அதை எழுத வேண்டியவள் நான்.

விரல் போன போக்கில் "காயுது" என்று தட்டினேன்.

அப்பாடா என்றார் சுரண்டி. இன்னும் நாலைந்து பேர் வந்து, பெயிண்ட் காய்கிறதா, இல்லை நிதானம் காய்கிறாரா என்று கேலி பேசினார்கள். அவரை யாரோ கேலி செய்கிறார்கள், அவர் இருக்கிறார். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தேன். அவர் போன பிறகு சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள். எனக்கு ஒன்பதோடு நிற்கவில்லை. துணிக்கடையில் வேலை முடிந்து வந்ததும் அந்த நாற்காலிக்குப் போய்விடுவேன். சுரண்டி தனியாகவும் எழுதுவார். ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகியிருந்தது, இன்னொரு கண்ணையும் செய்ய வேண்டுமாம், பயமாக இருக்கிறது என்பார். பயப்படாதே, நான் இருக்கிறேன் என்று எழுதுவேன். எழுதிவிட்டு, இதில் நான் என்பது யார் என்று எனக்கே குழம்பும். பழைய எழுத்துகளைப் படித்துப் படித்து அவர் எப்படிப் பேசுவார் என்று பழகிக்கொண்டேன். வீட்டில் என்னிடம் பேசியதைவிட அங்கே நிறையவே பேசியிருந்தார். அதற்கும் கோபித்துக்கொண்டேன். கோபித்துக்கொள்ள ஆள்தான் இல்லை.

அந்த வருடம் எல்லாரும் ஒரே காரைச் செய்துகொண்டிருந்தார்கள். நாலு கதவு வைத்த பழைய குடும்பக் கார். இந்த மாதிரிக் கூட்டு வேலையில் அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கடைசி ஆள் முடிக்கும்வரை யாரும் தன் காரை முடித்துக் காட்டக் கூடாது. முந்திக்கொண்டவர்கள் அலமாரியில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இன்னும் முடிக்காமல் இருந்தவர்கள் இரண்டே பேர், சுரண்டியும் நிதானமும். எத்தனை நாளைக்குத்தான் காயுது, காயுது என்று ஓட்டுவது?

அவர் பெரும்பாலும் முடித்திருந்தார். வெளியே வண்ணம் அடித்து, உள்ளே இருக்கைகள்கூட வைத்தாகிவிட்டது. கண்ணாடிகள்தான் பாக்கி. நான் துணிக்கடையில் ஆல்டரேஷன் பார்க்கிறவள். ஊசி பிடிக்கிற கைக்கு இதென்ன பெரிய வித்தை என்று ஆழம் தெரியாமல் காலை விட்டேன். இழுப்பறையில் தொட்டவுடன் ஒட்டிக்கொள்ளும் பசை ஒன்று இருந்தது. முன்கண்ணாடியை அதனால் ஒட்டி, தூசி படாமல் டப்பாவில் மூடி வைத்தேன். மறுநாள் திறந்தால், வெந்நீரில் குளித்த பிறகு குளியலறைக் கண்ணாடி இருக்குமே, அப்படி வெளுத்துப்போயிருந்தது. துணியால் துடைத்தேன். போகவில்லை. போட்டோவில் தெரியாது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, தள்ளி நின்று படம் எடுத்துப் போட்டேன்.

வழக்கமாகச் சளசளவென்று பேசுகிறவர்கள் அன்று ஒன்றும் பேசவில்லை. மறுநாள் சுரண்டி மட்டும் எழுதினார். "நிதானம், முன்கண்ணாடி மங்கலாத் தெரியுதே. மங்கினது கண்ணாடியா, என் கண்ணா?"

நான் என்ன சொல்வது என்று விழிப்பதற்குள் குழுவில் பல்டாக்டர் என்று பெயர்பெற்றவர், நிஜமாகவே பல் டாக்டர், குறுக்கே வந்துவிட்டார். "உங்க கண்ணுதான் சுரண்டி. கண்ணாடி பளிச்சுனு இருக்கு." வேறு சிலரும் ஆமாம் போட்டார்கள். தப்பித்தோம் என்று நான் மூச்சு விட்டேன்.

அதோடு சுரண்டி எழுதுவது குறைந்தது. பிறகு நின்றே போனது. எனக்கு நாள் ஓடவில்லை. அவருடைய 'சாப்பிட்டியா' வராத சாயங்காலங்களில் அந்த அறையில் உட்காரவே பிடிக்கவில்லை. கடைசியில் ஒரு நாள் குழுவில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு செய்தி போட்டார். பார்வை போன பிறகு பிரஷ் எதற்கு, என் காருக்காக யாரும் காத்திருக்க வேண்டாம், சாமான்களை யாருக்கு வேண்டுமோ அனுப்பிவைக்கிறேன், இத்தனை வருடம் கூட இருந்ததற்கு நன்றி. அவ்வளவுதான் செய்தி.

அன்றைக்கே பல்டாக்டரிடமிருந்து எனக்குத் தனியாக ஒன்று வந்தது. "அக்கா" என்று தொடங்கியிருந்தது.

அண்ணன் போய்விட்டது எங்களுக்குத் தெரியும் என்று எழுதியிருந்தார். அந்தப் பசையின் ஆவி பட்டால் தெளிவான பிளாஸ்டிக் வெளுத்துப்போகுமாம். கண்ணாடிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் காகிதம் ஒட்டுகிற வெள்ளைப் பசைதான் போடுவார்களாம். புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் இதற்காகத் திட்டித் திட்டிப் பழக்கியதே என் கணவர்தானாம். அவர் கை அதைச் செய்யாது என்று படத்தைப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. அவர் வேலை பார்த்த கம்பெனிக்குப் போன் செய்து கேட்டிருக்கிறார்கள். கேட்ட பிறகு, வீட்டுக்காரர்கள் தாங்களாகச் சொல்லும்வரை நாம் கேட்கக் கூடாது, காத்திருப்போம் என்று தங்களுக்குள் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். சுரண்டியிடம் மட்டும் சொல்லவில்லை. கண் ஆபரேஷன் முடியட்டும், அதற்குள் இந்த இடியை அவர் தலையில் போட வேண்டாம் என்று நினைத்தார்களாம்.

"எல்லார் முன்னாடியும் நீங்க மாட்டிக்கக் கூடாதுன்னு அவசரத்துல அவர் கண்ணு மேல பழியைப் போட்டுட்டேன் அக்கா. கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாப் போச்சு" என்று எழுதியிருந்தார். சுரண்டி கண் டாக்டரிடம் போயிருக்கிறார். கண் நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னதை இவர் நம்பவில்லை. ஊரே பளிச்சென்று பார்க்கிற கண்ணாடி எனக்கு மட்டும் மங்கலாகத் தெரிகிறதே, பிறகென்ன நன்றாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். பல்டாக்டரே தனியாக எழுதி, நான் விளையாட்டுக்குச் சொன்னேன் என்றபோது, ஆறுதல் சொல்ல வந்துவிட்டாயா என்று விரட்டிவிட்டாராம்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டிருக்க, கூட உட்கார்ந்தவர்கள் எல்லாரும் பூசணிக்காயைப் பார்த்துக்கொண்டே பேசாமல் சாப்பிட்டிருக்கிறார்கள். என் நடிப்பை வேடிக்கை பார்த்தார்களா என்று கொதித்தேன். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினேன். உருட்டி முடித்தபோது ஆத்திரம் வடிந்து, அவர்கள் வீட்டு அலமாரிகளில் காத்திருக்கும் கார்கள் நினைவுக்கு வந்தன. அத்தனை பேரும் எனக்காகத்தான் காத்திருந்திருக்கிறார்கள். அதற்கு விலையாக ஒரு கிழவர் தன் கண்ணையே நம்பாமல் உட்கார்ந்திருக்கிறார்.

அப்போதும் எனக்கு என் கணவரை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. நிதானமாகவே இருந்து இதைச் சரிசெய்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். சுரண்டிக்கு எழுதினேன். உன் கண்ணில் ஒன்றும் இல்லை, கண்ணாடிதான் மங்கல், ஏதோ ஞாபகத்தில் அந்தப் பசையைப் போட்டுத் தொலைத்துவிட்டேன் என்று.

பதில் உடனே வந்தது. "எனக்காகப் பொய் சொல்லாதே நிதானம். நீ அந்தப் பசையைக் கண்ணாடிப் பக்கம் கொண்டுபோற ஆளா? எனக்குக் கண்ணுதான் போச்சு, புத்தி போகலை."

நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்தக் கண்ணாடியை ஒட்டியது நிதானம் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்வரை அவர் தன் கண்ணை நம்பப் போவதில்லை. என் கணவரை அவர் அவ்வளவு தெரிந்துவைத்திருந்தார்.

சாமான் அனுப்புவதற்காகப் பல்டாக்டர் குறித்துவைத்திருந்த சுரண்டியின் நம்பரைக் கேட்டு வாங்கினேன். மறுநாள் மத்தியானம் கடையில் கூட்டம் குறைந்த நேரத்தில், மடித்துத் தைக்க வந்த பேண்டுகள் தொங்கும் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். போனை எடுத்தவரின் குரல் நான் நினைத்ததைவிட மெலிந்து இருந்தது. நிதானத்தின் மனைவி பேசுகிறேன் என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். உங்களைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறான், உங்கள் கோபத்துக்கு எங்கள் குழுவே பயப்படும் என்றார். நான் அவரைப் பேசவிட்டால் என்னால் பேச முடியாது என்று தெரிந்து, நடுவில் புகுந்தேன்.

"ஐயா, உங்க கண்ணு நல்லா இருக்கு. கண்ணாடிதான் மங்கல். அதை ஒட்டினது நான்."

"நீங்க ஏம்மா ஒட்டினீங்க? அவன் உங்களை அதைத் தொட விட மாட்டானே. அவன் எங்க?"

"அவர் இறந்துட்டார்."

அந்த வார்த்தையை என் வாய் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னதும், தொங்கிக்கொண்டிருந்த துணிகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். எப்போது என்று கேட்டார். தேதியைச் சொன்னேன்.

"அன்னிக்குக் காலையில அவனுக்கு மட்டும் ஒரு போட்டோ அனுப்பினேன்மா. என் காருக்கு நீலம் கலந்திருந்தேன். வாழ்க்கையில முதல் தடவையா, இதைச் சுரண்ட வேண்டாம்னு தோணின நீலம். முதல்ல அவன் பார்க்கணும்னு இருந்தேன். பிரமாதம்னு பதில் வந்துச்சே. அதை அவன் பார்த்தானா?" என்றார்.

பார்த்தார் என்று சொல்லிவிடலாம். யாருக்கு என்ன நஷ்டம்? வாய் வரைக்கும் வந்தது. ஆனால் இத்தனை நாளாக இந்த மனுஷனுக்கு நான் சொன்னதெல்லாம் போதும்.

"பார்க்கலை ஐயா. அதை முதல்ல திறந்ததே நான்தான். அந்தப் பதிலை எழுதினதும் நான்தான். நிஜமாவே அழகா இருந்துச்சு, அதனாலதான் எழுதினேன்."

வெளியே யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். கதவை இன்னும் இறுக்கிச் சாத்திக்கொண்டேன்.

"அப்போ என் கண்ணுல ஒண்ணும் இல்லை" என்றார்.

"ஒண்ணும் இல்லை ஐயா."

"இதுக்கு என் கண்ணே போயிருக்கலாமேம்மா."

அவர் அழுவது கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே நானும் அழுதேன்.