நஞ்சம்மா மெழுகிய வெடிப்பு

எனக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும். இதை நான் ஒளிக்கவில்லை. என்னிடம் வேலை செய்த யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். லால் பாஷா மேஸ்திரி வாயைத் திறந்தால் வசவு, மூடினால் முறைப்பு. ஆனால் மண் விஷயத்தில் நான் காட்டியது கோபமே இல்லை, பயம். பயத்தைப் பயமாகக் காட்டினால் மண் வெட்டும் ஆட்கள் மதிக்க மாட்டார்கள். அதனால் திட்டித் தீர்த்தேன்.

ஐம்பத்தாறாம் வருஷம், கோடை. நாகரசம்பட்டிக்கு மேற்கே ஒரு மேட்டைப் பிளந்து கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தோம். என் பொறுப்பில் பதினோரு பேர். ஆழம் பதினெட்டு அடியைத் தாண்டிவிட்டது. மேலே செம்மண், நடுவில் சுக்கான் கல், அடியில் கையால் தொட்டாலே உதிரும் சரளை. இப்படிப்பட்ட மண்ணைச் சாய்வாக வெட்டிக்கொண்டு இறங்க வேண்டும். சுவர் போல நெட்டாக நிறுத்தினால் அது நிற்பது போலவே நிற்கும், ஒரு நாள் நிற்காது.

சாமல்பட்டிப் பக்கம் ரயில் பாதைக்கு மண் எடுத்தபோது ராமப்பன் என்ற என் கூட்டாளியை என் கண்ணெதிரே மண் எடுத்துக்கொண்டது. பீடிக்கு நெருப்புக் கேட்டுக் கையை நீட்டியவன், அந்தக் கையோடு போனான். மண் சொல்லாமல் விழும் என்பார்கள். பச்சைப் பொய். மேலே மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடும். கீழே சுவரிலிருந்து சரளை பொலபொலவென்று கொட்டும். அது சொல்லிக்கொண்டேதான் இருக்கும், கேட்பதற்குத்தான் ஆள் கிடையாது.

ஆட்கள் கேட்காததற்குக் காரணம் முனிவேல். அந்தத் தாலுகாவிலேயே அவனைப் போல மண் வெட்டுகிறவன் இல்லை. அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்குப் பொந்து குடைவான். ஆள் உள்ளே படுத்துக்கொள்ளும் அளவுக்குக் குடைந்தபின், மேலே ஏறிக் கடப்பாரையைப் போட்டு நெம்புவான். நான்கு நாள் வெட்ட வேண்டிய மண் ஒரே மூச்சில் சரிந்துவிடும். பார்க்கிறவர்கள் வாய் பிளப்பார்கள். என் வேலையில் பொந்து குடையக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

"அப்பன் பாட்டன் காலத்துல இருந்து இப்படித்தான் சாய்க்கறோம் மேஸ்திரி. மண்ணு எங்களுக்கு அடங்குங்க," என்பான் முனிவேல்.

"உனக்கு அடங்கும். உன் பொண்டாட்டி தாலிக்கு அடங்குமான்னு கேட்டுட்டு வா," என்பேன்.

என் தம்பி கரீமும் அந்தக் கூட்டத்தில் இருந்தான். இருபத்து நான்கு வயது. எனக்குத் தம்பி என்பதைவிட முனிவேலுக்குச் சிஷ்யன் என்பதில்தான் அவனுக்குப் பெருமை. கல்யாணமாகி எட்டு மாதம்கூட ஆகவில்லை. அவன் மனைவி சபீஹா, அவனை வேலைக்குக் கூட்டிப்போன முதல் நாளே கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "நீங்க இருக்கற தைரியத்துலதான் அனுப்பறேன்," என்றாள். சரி என்று தலையை ஆட்டினேன். அவ்வளவுதான், அதற்கப்புறம் எனக்கு நிம்மதி போயிற்று. கரீம் குழிக்குள் இருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் என் கண் சுவர் மேலேயே இருந்தது.

அந்த வருஷம் நோன்பு சரியான வெயிலில் வந்து மாட்டிக்கொண்டது. அண்ணன் தம்பி இருவரும் விடியுமுன் சாப்பிட்டுவிட்டு வருவோம். உச்சி வேளையில் மற்றவர்கள் சாப்பிட உட்காரும்போது நாங்கள் இருவரும் ஏரிக்குப் போய்க் கை கால் கழுவி, கரையிலேயே தொழுதுவிட்டுத் திரும்புவோம்.

நோன்பின் நடுவில் ஒரு நாள் மேலே வேப்பமரத்துக்குப் பக்கத்தில் அந்த வெடிப்பைப் பார்த்தேன். விளிம்பிலிருந்து ஐந்தடி தள்ளி, கால்வாயை ஒட்டியே ஓடியது. சுண்டுவிரல்கூட நுழையாது. வெடிப்புக்கு இந்தப்பக்கம் ஒரு முளைக்குச்சி, அந்தப்பக்கம் ஒன்று, நடுவில் சரியாக ஒரு சாண் இருக்கும்படி அடித்தேன். தினமும் காலையில் சாண் போட்டு அளக்க வேண்டும், வித்தியாசம் இரண்டு விரல் வந்தால் எல்லோரும் மேலே ஏறிவிட வேண்டும். கொட்டிய மண்ணையும் விளிம்பை விட்டுத் தள்ளிப் போடச் சொன்னேன். குழியின் நிழலில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்றேன். அதற்கு மட்டும் நஞ்சம்மா சண்டைக்கு வந்தாள். கூடை சுமக்கும் பெண்களில் மூத்தவள் அவள்.

"இந்த வெயில்ல வேற எங்க நெழலு கெடக்குது, நீங்களே சொல்லுங்க," என்றாள். வேப்பமரத்தின் கீழ் அவர்களின் மூன்று குழந்தைகளுக்குத்தான் இடம் இருந்தது.

சுவருக்கு முட்டுக் கொடுக்கப் பலகையும் கட்டையும் வேண்டும் என்று ஓவர்சியரிடம் கேட்டேன். வேண்டுமானால் கிருஷ்ணகிரி கிடங்கில் போய் நீயே வாங்கிக்கொள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். கிளம்பும்போது கரீமைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"தெனமும் காலையில அளந்து பாரு. ரெண்டு விரலு தாண்டுச்சுன்னா யாரையும் கேக்காத. எல்லாரையும் ஏத்திடு."

"சரிண்ணே. நீங்க பயப்படாமப் போயிட்டு வாங்க," என்று சிரித்தான். அந்தச் சிரிப்புக்கும் ஒரு திட்டு வாங்கினான்.

கிடங்கில் மூன்று நாள் காக்க வைத்தார்கள். இரண்டாம் நாள் இரவு நல்ல மழை. கிருஷ்ணகிரியில் பள்ளிவாசல் தாழ்வாரத்தில் படுத்திருந்த எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நான்காம் நாள் விடியுமுன் கட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு, மாட்டை விரட்டச் சொல்லி வண்டிக்காரனைப் படாத பாடு படுத்தினேன். உச்சி நேரத்தில் ஏரியைக் கடந்தோம். படித்துறையில் தலையில் துண்டு போட்ட ஒருவன் குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தான். கரீம் தொழப் போயிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். வண்டியை நிறுத்தவில்லை.

மேட்டுக்கு வந்து நேரே வேப்பமரத்துக்குப் போனேன். வெடிப்பைக் காணவில்லை. முளைக்குச்சிகளையும் காணவில்லை. அந்த இடம் முழுக்க மண் குழைத்துப் பூசி, மேலே சாணம் போட்டு, கல்யாண வீட்டு வாசல் போல வழவழவென்று மெழுகியிருந்தது.

விளிம்புக்கு நெருங்காமல், மண் சுமக்கும் சரிவின் தலைப்பில் நின்று எட்டிப் பார்த்தேன். குழியின் நிழலில் எல்லோரும் களி தின்றுகொண்டிருந்தார்கள். சுவரின் அடியில், நான் இல்லாத மூன்று நாளில், முனிவேல் பெரிய பொந்து குடைந்து வைத்திருந்தான். உள்ளே ஒரே இருட்டு. பொந்தின் மேல் விளிம்பிலிருந்து சரளை கொட்டிக்கொண்டிருந்தது.

"யாரு மெழுகனது?" என்று கத்தினேன்.

நஞ்சம்மா கையை நக்கிக்கொண்டே நிமிர்ந்தாள். அவள் முகத்தில் பெருமைதான் இருந்தது. "நான்தான் மேஸ்திரி. நேத்து காலையில வந்து பாத்தா மழையில வாயப் பொளந்து கெடக்குது. கொழந்தைக்குக் காலு மாட்டிக்கிச்சு. தேளு வேற ஏறி வருது. ரெண்டு கூடை மண்ணக் கொட்டிப் பூசிட்டேன். பாருங்க, எப்படி மூடிக்கிச்சு."

"குச்சி எங்க?"

"அது அடுப்புக்குப் போச்சுங்க. கரீமு கேட்டான், அதான் மூடிக்கிச்சேன்னு முனிவேலு சொல்லிட்டான்."

வாய் பிளந்து கிடந்தது என்றால் எவ்வளவு? இரண்டு விரலா, நான்கு விரலா? அவளுக்குத் தெரியாது. வெடிப்பு விட்ட வீட்டுத் தரையைப் பூசுவது போல அவள் பூசிவிட்டாள். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம் மூட்டியது.

"எல்லாரும் மேல ஏறுங்க. இப்பவே."

யாரும் அசையவில்லை. முனிவேல்தான் பேசினான். "மேஸ்திரிக்கு நோம்பு தலைக்கேறிடுச்சு. போயி நெழல்ல படுங்க. பொழுது சாஞ்சு கஞ்சி குடிச்சா எல்லாம் செரியாயிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பசி கொஞ்சம், கோபம் மீதி. ஏறாதவன் பேரை இன்றே அடித்துவிடுவேன், இந்தக் கால்வாயில் எங்கேயும் வேலை கிடைக்காமல் செய்துவிடுவேன் என்று தொண்டை கிழியக் கத்தினேன். முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார்கள். சிலர் தெலுங்கில் என்னைத் திட்டினார்கள், அது எனக்குப் புரியும் என்று தெரிந்தே திட்டினார்கள். மண் சுமக்கும் சரிவு வழியாக ஒவ்வொருவராக மேலே வந்தார்கள். நான் எண்ணினேன். கடைசியாக முனிவேல். மொத்தம் பத்துப் பேர். கரீம் ஏரிக்கரையில். எனக்கு மூச்சு வந்தது.

மூச்சு வந்ததும் கோபம் இரண்டு பங்காகத் திரும்பி வந்தது. உயிர் பிழைத்திருக்கிறார்கள், அது தெரியாமல் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாளைக்கு நான் ஏறு என்றால் ஏறுவார்களா? மாட்டார்கள். இன்றைக்கே, இந்தக் கண்களாலேயே அவர்கள் பார்த்தாக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வண்டியோரம் கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு, மெழுகிய இடத்துக்கு இந்தப்பக்கம் கெட்டி மண்ணில் நின்றேன்.

"மேஸ்திரி, கொஞ்சம் பொறுங்க," என்று முனிவேல் பின்னாலிருந்து வந்தான். "நம்ம..."

"பேசாத. மூணு நாளு நீ பேசுனது போதும். ஒரு வார்த்த பேசுன, இந்தக் கடப்பாரை ஒன் மேலதான்."

அவன் நின்றுவிட்டான். ஓங்கிக் குத்தினேன். கடப்பாரை எதிலும் இடிக்காமல் கைப்பிடி வரை உள்ளே போயிற்று. என் பலம் முழுவதையும் போட்டு நெம்பினேன். பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. நெல் மூட்டையைத் தரையில் போட்டது போல மெத்தென்று ஒன்று கேட்டது. ஐந்தடி அகலத்துக்கு விளிம்பு அப்படியே கீழே இறங்கிப்போயிற்று. புழுதி எழுந்து எங்கள் முகத்தில் அடித்தது. அவர்கள் களி தின்ற இடமும் பொந்தும் மண்ணுக்கடியில் போய்விட்டன.

"பாத்தீங்களா? இப்பப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நஞ்சம்மா வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டாள். முனிவேலின் முகம் வெளுத்திருந்தது.

"கரீமு," என்றான்.

"ஏரியில இருக்கான். வரும்போது பாத்தேன்."

"இல்லீங்க மேஸ்திரி. அது வேற ஆளு. அவன் நோம்பு இருக்கறவன். நாங்க சாப்படறதப் பாத்தா மனசு அலையும்னு நீங்க போன நாள்லருந்து பொந்துக்குள்ளதான் போயிப் படுத்துக்கறான். குளுகுளுன்னு இருக்குதுன்னு தூங்கிடுவான். நீங்க போட்ட சத்தத்துக்கு எந்திரிச்சிருப்பான், எம் பின்னாடியே வர்றான்னு நெனச்சேன். இங்க வந்துதான் திரும்பிப் பாத்தேன். சொல்லத்தான் வந்தேன்."

சரிவில் எப்படி இறங்கினேன் என்று எனக்குத் தெரியவில்லை. இறங்கும்போது அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இறங்கியதாக அப்புறம் சொன்னார்கள். முனிவேல் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். நான் அதைப் பிடுங்கி எறிந்தேன். வெட்டு பட்டுவிடும், கையால் தோண்டுங்கள், இரண்டு பேர் மேலே நின்று மிச்சச் சுவரைப் பார்த்துக்கொள்ளுங்கள், பெண்கள் வண்டியிலிருந்து கட்டைகளை இறக்குங்கள் என்று வரிசையாகச் சொன்னேன்.

அன்று என் பேச்சை எல்லோரும் ஒரு வார்த்தை தட்டாமல் கேட்டார்கள்.